நாள்பட்ட வியாதியும் நாள்வழிக் கணக்கும்

சேலத்திலோ நாமக்கல்லிலோ ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் மணிக்கணக்காகக் காத்திருந்து, டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டும் கையுமாக வெளியே வருகிற குடியானவருக்கு, அந்தச் சீட்டில் உள்ள கிறுக்கலில் மருந்தின் பெயர் எது, தேதி எது என்று விளங்காவிட்டாலும், 'க்ரானிக்' என்ற ஒரு சொல் மட்டும் எப்படியோ விளங்கிவிடுகிறது. அவர் படித்திராவிட்டால் கூட வந்த மகனோ மகளோ எழுத்துக் கூட்டிப் படித்துச் சொல்லிவிடுகிறார்கள். பஸ் ஏறி ஊர் வந்து சேருவதற்குள் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டாகிவிடுகின்றன. 'க்ரானிக்காப் போச்சுங்களாம்' என்று ஒரு வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொன்னால், வியாதி முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருள். உறவு ஜனங்கள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்துவிடுவார்கள். 'பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க, வெறும் க்ரானிக்குத்தானாம்' என்று அடுத்த வீட்டில் சொன்னால், அது பாட்டுக்கு அது இருக்கும், நாம் பாட்டுக்கு நாம் இருக்கலாம் என்று பொருள். மாத்திரை தீர்ந்த மறு மாதமே அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துவிடும். ஒரு வீட்டில் மரண ஓலையாகவும் மற்றொரு வீட்டில் விடுதலைப் பத்திரமாகவும் வாசிக்கப்படுகிற இந்தச் சொல்லைப் பற்றிச் சற்று விசாரிப்பது வீண் வேலையாகாது. ஏனெனில் அந்த இரண்டு அர்த்தங்களில் ஒன்றுகூட அதற்கு உரியதன்று.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அதில் மிரட்டுவதற்கும் ஒன்றுமில்லை, ஆறுதல் சொல்வதற்கும் ஒன்றுமில்லை. கிரேக்க பாஷையில் காலத்துக்கு 'க்ரோனோஸ்' என்று பெயர். அதிலிருந்து உண்டான இந்தச் சொல், நெடுங்காலம் நிற்பது என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. கி.பி. முதலாம் அல்லது இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கப்படோக்கியா தேசத்து அரீத்தேயஸ் என்ற வைத்தியர், திடீரென்று மூண்டு சில நாட்களில் ஒரு முடிவுக்கு வந்துவிடும் வியாதிகளைத் தனியாகவும், மெல்ல வந்து உடம்பிலேயே குடியிருந்துவிடும் வியாதிகளைத் தனியாகவும் பிரித்து எழுதினாரே, அந்தப் பாகுபாடே இன்றைய மருத்துவக் கல்லூரிகளிலும் பாடமாக இருக்கிறது. இக்கால வைத்தியம் அந்த 'நெடுங்காலம்' என்பதற்குக் காலண்டரை வைத்துக்கொண்டு எல்லை கட்டியிருக்கிறது. சிறுநீரகத்தின் பழுது மூன்று மாதங்களுக்கு மேல் நின்றால் அது க்ரானிக். ஹெபடைட்டிஸ் பி கிருமி ரத்தத்தில் ஆறு மாதங்களுக்கு மேல் தங்கினால் அது க்ரானிக். சளியோடு கூடிய இருமல் வருஷத்தில் மூன்று மாதமாக, அடுத்தடுத்து இரண்டு வருஷம் வந்தால் அந்த மூச்சுக்குழல் அழற்சியும் க்ரானிக். வியாதி பெரிதா சிறிதா, ஆள் பிழைப்பாரா மாட்டாரா, மருந்து உண்டா இல்லையா என்ற கேள்விகளுக்கு இந்தக் கணக்கில் விடை கிடையாது. நெஞ்சடைப்பு க்ரானிக் அன்று, ஒரு மணி நேரத்தில் ஆளை முடித்துவிடுகிறது. தும்மலும் மூக்கரிப்பும் முப்பது வருஷம் க்ரானிக்காக இருந்தும் மனிதர் பேரன் பேத்தி எடுத்துச் சௌக்கியமாக இருக்கிறார்.

இந்தச் சொல்லை வழுவாகப் பிரயோகிப்பவர்கள் நாம் மட்டுமே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சாதாரணப் பேச்சிலேயே இதற்குச் 'சகிக்க முடியாத, படுமோசமான' என்ற பொருள் ஏறிவிட்டது. நம் தேசத்து ஆங்கிலத்திலோ ஓயாமல் பொய் சொல்கிறவனுக்கும், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவனுக்கும் இது அடைமொழியாகிவிட்டது. மம்மூட்டி நடித்து 2003-இல் வந்த மலையாளப் படத்துக்கு 'க்ரானிக் பேச்சிலர்' என்றே பெயர். மறு வருஷம் அதே கதை விஜயகாந்த் நடிக்கத் தமிழில் 'எங்கள் அண்ணா' ஆனபோது, தலைப்பில் இருந்த வியாதி சுவஸ்தமாகிவிட்டதைக் கவனித்திருப்பீர்கள்.

தமிழில் 'நாள்பட்ட' என்று சொல்லுகிறோம். நாள்பட்ட புண், நாள்பட்ட இருமல் என்று வியாதிக்கு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவு பொருத்தமாக நாள்பட்ட மாவு, நாள்பட்ட முட்டை என்று கெட்டுப்போன பண்டத்துக்கும் பொருந்துகிற சொல் அது. ஆகவே கேட்பவன் காதில் காலத்தோடு கூடவே கேடும் விழுந்துவிடுகிறது. இதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. நம்முடைய பழைய வைத்திய சாஸ்திரம் வியாதியை வகுத்தது காலத்தை வைத்து அன்று, பலனை வைத்து: தீரக்கூடியது சாத்தியம், தீராதது அசாத்தியம், இரண்டுக்கும் நடுவே மருந்தும் பத்தியமும் உள்ளவரை அடங்கியிருந்து அவற்றை விட்டவுடன் தலைதூக்குவது யாப்பியம். அந்தப் பெயர்களை நாம் மறந்துவிட்டாலும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. டாக்டர் வாயைத் திறந்தவுடன் 'தீருமா தீராதா' என்பதற்கு விடை தேடுகிறோம், அவரோ 'எத்தனை நாளாக' என்பதற்கு விடையை ஒரே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த சீட்டை எடுக்கிறார். வள்ளுவரின் மருந்து அதிகாரத்தில் வியாதியின் மூலத்தைத் தேடச் சொல்லுகிற குறள் மேடைதோறும் முழங்குகிறது. அதற்கு அடுத்த குறள், நோயாளியின் அளவு, நோயின் அளவு ஆகியவற்றோடு காலத்தையும் எண்ணிப் பார்த்துச் சிகிச்சை செய் என்று கற்றவனுக்குச் சொல்வதை யாரும் எடுத்துரைக்கக் காணோம்.

இந்தச் சொல்லைப் பிழையறப் புரிந்துகொண்டிருக்கிற ஒரு கூட்டத்தார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் டாக்டர்கள் அல்லர், நாமக்கல்லைச் சுற்றியுள்ள முட்டைக்கோழிப் பண்ணைக்காரர்கள். அவர்களுக்கு இந்தச் சொல் 'சி.ஆர்.டி.' என்ற மூன்று எழுத்துக்குள் அடங்கி வந்து சேர்ந்தது. அதன் முதல் எழுத்து க்ரானிக், மற்ற இரண்டும் சுவாச நோய் என்பதைக் குறிப்பவை. மைகோபிளாஸ்மா என்ற கிருமியால் வருகிற இந்த நோய், வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயைப் போல ராத்திரியோடு ராத்திரியாக ஷெட்டையே காலி செய்துவிடுவதில்லை. ஒரு கோழி தும்முகிறது. நாலு கோழிகளின் கண்ணோரம் ஈரம் கட்டுகிறது. தீவனம் கொஞ்சம் மிச்சமாகிறது. முட்டை மெல்லக் குறைகிறது. பகலில் ஷெட்டுக்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் போடும் சப்தத்தில் ஒன்றும் தெரியாது. ஆகவே அனுபவமுள்ள பண்ணைக்காரர், விளக்கையெல்லாம் அணைத்து, கோழிகள் அடங்கி ஒரு நாழிகை ஆன பிறகு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கூண்டு வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, எங்கேயாவது 'கொர் கொர்' என்ற இழுப்புச் சப்தம் கேட்கிறதா என்று நின்று நின்று காது கொடுத்துக் கேட்பார். எந்த ஆஸ்பத்திரியிலாவது ஒரு மனிதனின் மூச்சை இவ்வளவு நிதானத்தோடு கேட்கிறார்களா என்று எனக்குச் சந்தேகந்தான்.

காதைவிட அவருக்குப் பெரிய துணை, ஷெட்டு வாசலில் ஆணியில் தொங்குகிற கணக்கு நோட்டு. தேதி, கோழியின் வயது எத்தனை வாரம், போட்ட தீவனம், விழுந்த முட்டை, உடைந்தது, செத்தது என்று ஒவ்வொரு நாளும் அதில் ஒரு வரி ஏறிக்கொண்டேயிருக்கும். 10,000 கோழிகள் உள்ள ஷெட்டில் நூற்றுக்குத் தொண்ணூறாக இருந்த முட்டை எண்பத்தேழாக இறங்கினால், கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. நோட்டிலோ நாளொன்றுக்கு 300 முட்டை குறைந்திருப்பது பளிச்சென்று தெரிந்துவிடும். தெரிந்தவுடன் அவர் 'க்ரானிக், என்ன செய்வது' என்று பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொள்வதில்லை. கோழி எச்சத்திலிருந்து எழும்பும் அமோனியா வாடை ஷெட்டில் கண் எரிகிற அளவுக்குத் தேங்கியிருக்கிறதா, காற்றோட்டம் போதுமா, தண்ணீர்க் குழாயைக் கழுவி எத்தனை நாளாயிற்று என்று பார்க்கிறார். ரத்த மாதிரி எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு ஓடுகிறார். 1985-இல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஏற்பட்டதும், அதைச் சுற்றிக் கோழி வைத்தியம் ஒரு தனி சாஸ்திரமாக இந்த ஊரில் வளர்ந்ததும் சும்மா நேர்ந்த காரியங்கள் அல்ல. மருந்து கொடுத்தால் இழுப்பு அடங்கும், கிருமி அடியோடு போகாது, அந்தக் கூட்டம் உள்ளவரை உள்ளே பதுங்கியேயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு இது இறங்கும் என்பதும் தெரியும். ஆகவே அடுத்த தடவை குஞ்சு எடுக்கும்போது அந்தத் தாய்க்கோழிப் பண்ணை சுத்தமானதுதானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பணம் கட்டுவார். நாள்பட்டது என்று தெரிந்த இடத்தில்தான் அவருடைய விசாரணை ஆரம்பமாகிறது. நம் வீடுகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கார் கச்சேரிகளிலும் அதே இடத்தில்தான் விசாரணை முடிந்துபோகிறது. கோழிக்கு நோட்டு இருக்கிறது, மனிதனுக்கு இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணத்தை நான் காணவில்லை.

எந்த மனிதனுக்கு இல்லை என்று கேட்டால், முதலில் பல்லைக் காட்டத் தயங்குகிற மனிதனைச் சொல்வேன். பழைய சேலம் ஜில்லா என்பது இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நான்கும் சேர்ந்த பெரும் பரப்பு. 1965-இல் தருமபுரியும், 1997-இல் நாமக்கல்லும் பிரிந்தன, தருமபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. எல்லைகள் பிரிந்தனவேயன்றிப் பூமிக்கு அடியில் இருக்கும் பாறை பிரியவில்லை. அந்தப் பழங்காலத்துக் கருங்கல் பாறையில் உள்ள சில தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு என்ற உப்பு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. நான்கு ஜில்லாக்களிலும் பல கிராமங்களில் அது குடிதண்ணீருக்குத் தகுந்த அளவைத் தாண்டியிருப்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீரே கிடையாது என்றால் ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போகிற தண்ணீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தால், நிலைப் பல் ஈறுக்குள் உருவாகும்போதே அதில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்துவிடுகிறது. எத்தனை தேய்த்தாலும் போகாது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிற பெண்களை இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பார்த்திருக்கிறவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. அதே தண்ணீரை இருபது, முப்பது வருஷம் விடாமல் குடித்தால் முழங்காலும் இடுப்பும் கழுத்தும் இறுகி, திரும்பிப் பார்க்க வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டிய நிலை வருகிறது. 'மூட்டு வலிங்க, வயசாயிப்போச்சு, வேற என்ன' என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சீட்டிலும் நாள்பட்ட மூட்டு வலி என்று எழுதியாகிவிடுகிறது. கிணற்றை யாரும் கேட்பதில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடோ தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டிப்படும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த சமாசாரமும் அன்று. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டின் டைரக்டராக இருந்த ஷார்ட் என்பவரும் அவருடைய சகாக்களும், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் முதுகு இறுகிப்போன குடியானவர்களைப் பரிசோதித்து, காரணம் கிணற்று நீரில் உள்ள ஃப்ளோரைடே என்று 1937-இல் எழுதிவைத்தார்கள். அதற்கு முன் அந்தக் குடியானவர்களுக்கு இருந்ததும் பெயரில்லாத நாள்பட்ட வலிதான். யாரோ ஒருவர் சீட்டோடு நிற்காமல் கிணறு வரைக்கும் நடந்து போனார். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃப்ளோரைடைத் தெளியவைக்கும் முறையை நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துக்கொடுத்து எத்தனையோ வருஷங்களாகின்றன. நல்கொண்டா ஜில்லாவின் பெயராலேயே அது வழங்குகிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீரைக் கொண்டுவருகிற ஒகேனக்கல் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பான் தேசத்துக் கடனுதவியோடு, 2013-இல் திறந்துவைத்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்ற வார்த்தையும் சேர்ந்திருந்தது. மாத்திரை எழுதுவதற்குப் பதிலாகக் குழாய் போடுவதே இந்த வியாதிக்குச் சிகிச்சை என்று ஒரு சர்க்கார் ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக அந்தப் பெயரை நான் மதிக்கிறேன்.

க்ரானிக் என்று எழுதி மூடிய ஏடுகள் பிற்பாடு திறக்கப்பட்ட கதைகள் வைத்திய சரித்திரத்தில் வேண்டிய மட்டும் உண்டு. குடல் புண் என்பது கவலையாலும் காரத்தாலும் வருவது, ஆயுசு முழுதும் பாலும் மோருமாகக் காலந்தள்ள வேண்டியது என்று உலகமே நம்பியிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தைச் சேர்ந்த வாரனும் மார்ஷலும் 1982-இல் அது பெரும்பாலும் ஒரு கிருமியால் வருவது என்று கண்டார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமிகளைத் தாமே குடித்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக 'நாள்பட்ட அல்சர்' என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டு வார மருந்து கிடைத்தது. குஷ்டத்தைவிட நாள்பட்ட வியாதி நம் தேசத்தில் வேறெது இருந்தது? 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்த கூட்டு மருந்து அதை ஆறு மாதத்திலோ ஒரு வருஷத்திலோ தீர்ந்துபோகிற வியாதியாக ஆக்கிவிட்டது. காரணம் தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுதுவதுகூட ஒரு யோக்கியமான காரியமே. இலங்கையில் அனுராதபுரத்தைச் சுற்றியுள்ள நெல் விவசாயிகளிடையே 1990-களிலிருந்து பரவலாகக் காணப்பட்ட சிறுநீரக வியாதிக்கு, சர்க்கரையும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை என்று கண்ட பிறகு, 'காரணம் அறியப்படாத' என்பதைப் பெயரிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த இரண்டு வார்த்தைகள் பெயரில் இருக்கும்வரை யாராவது ஒருவர் காரணத்தைத் தேடிக்கொண்டேயிருக்க வேண்டிய நிர்ப்பந்தமும் இருக்கிறது.

உடம்பில் மட்டுமே நாள்பட்டவை உண்டு என்பதில்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் தங்கள் சிறுநீரகத்தை விற்றதாகச் செய்தி வந்து ஊரெல்லாம் பேசிற்று, விசாரணைகள் வைக்கப்பட்டன. உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் இந்தப் பேச்சு முன்பும் எழுந்து அடங்கியதுதான். இந்த வியாபாரத்தில் வாங்குகிறவனிடம் இருப்பது நாள்பட்ட சிறுநீரக வியாதி. விற்கிறவனிடம் இருப்பது நாள்பட்ட கடன். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம், அதை அடைக்க வாங்கிய வாரக் கடன், அந்தத் தவணைக்காக வாங்கிய கைமாற்று என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, அசலை அடைப்பது என்ற எண்ணமே மறந்து, வட்டி கட்டுவதே வாழ்க்கை ஆகிவிட்ட நிலை அது. வாங்குகிறவனுக்கு ரத்தத்தில் கிரியேட்டினின் எத்தனை என்று மாதாமாதம் எழுதிவைத்த காகிதம் உண்டு. விற்கிறவனுடைய கடன் எந்த வருஷம் எவ்வளவு இருந்தது என்பதற்கு எந்தக் கச்சேரியிலும் ஒரு வரி கிடையாது. தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் சாதாரண வியாதிக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவிகிதமும், குறிப்பிட்ட 34 நீடித்த வியாதிகளுக்கு இரண்டு வருஷம் வரை 80 சதவிகிதமும் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. வியாதியின் காலத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட நல்ல விதி. ஆனால் வீட்டை ஒட்டிய ஷெட்டில் நாலு தறி, எட்டுத் தறி ஓடுகிற இடங்களில் வேலை செய்கிறவன் பெயர் அந்த ஏட்டில் ஏறுவதே இல்லை.

பத்திரிகைக்காரர்களாகிய எங்கள் பேரிலும் இதில் குற்றம் உண்டு. 1876-78 தாது வருஷத்துப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா பட்ட பாடு ஜனக்கணக்கிலேயே தெரிகிறது: 1871-இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1881-இல் 16 லட்சமாகக் குறைந்தது. அப்படிப்பட்ட பஞ்சம் சுதந்திர இந்தியாவில் வராமல் போனதற்குத் தேர்தலும் பத்திரிகைகளும் ஒரு காரணம் என்று அமர்த்தியா சென் வாதித்தார். அதே மூச்சில், பஞ்சத்தைத் தடுத்த அதே தேசம் நாள்தோறும் அரை வயிறாக உறங்குகிறவர்களின் பசியைத் தடுக்கவில்லை என்பதையும் சொன்னார். பஞ்சம் செய்தியாகிறது, நித்தியப் பசி செய்தியாவதில்லை. இன்று நடந்தது என்ன என்று கேட்டுப் பக்கத்தை நிரப்புகிற எங்களுக்கு, நேற்றும் நடந்து முந்தாநாளும் நடந்து நாளையும் நடக்கப் போவது கண்ணில் படுவதேயில்லை. ஊர் தண்ணீரில் விஷம் கலந்துவிட்டது என்றால் முதல் பக்கம். ஊர் தண்ணீரில் முப்பது வருஷமாக ஃப்ளோரைடு இருக்கிறது என்றால் எந்தப் பக்கமும் இல்லை. 'நிரந்தர வறட்சிப் பகுதி' என்று அதிகாரிகள் எழுதிக் கொடுப்பதை நாங்கள் அப்படியே அச்சிடுகிறோம். அந்தப் பெயர் சூட்டப்பட்ட பிறகு அந்தப் பகுதி ஏன் வறண்டது, எந்த ஏரி தூர்ந்தது, எத்தனை ரிக்கு வண்டிகள் எத்தனை ஆழத்துக்கு இறங்கின என்று கேட்க வேண்டிய பொறுப்பும் கழன்றுவிட்டதாக இரு தரப்பும் எண்ணிக்கொள்கிறோம். நாடெங்கும் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுகிற வண்டிகள் திருச்செங்கோட்டிலிருந்தே புறப்படுகின்றன என்பதை நினைத்தால் இந்த மௌனம் இன்னும் விசித்திரமாக இருக்கிறது.

ஒரு நல்ல ஆரம்பம் நம் பக்கத்திலேயே நிகழ்ந்தது. 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறது. 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருதும் அதற்குக் கிடைத்தது. 'சக்கர மாத்திரை குடுக்கற அக்கா' என்று ஊரார் அழைக்கிற அந்தப் பெண்கள், தோளில் பையும் கையில் நோட்டுமாகத் தெருத் தெருவாக நடக்கிறார்கள். வயதானவர் திண்ணையிலேயே கையை நீட்டி ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறார். போன மாதத்து எண்ணுக்குப் பக்கத்தில் இந்த மாதத்து எண்ணை எழுதுகிறார்கள். கோழி ஷெட்டு ஆணியில் தொங்கிய நோட்டின் சாயல் மனிதனுக்கென்று நான் கண்ட முதல் இடம் அந்தத் திண்ணைதான். ஆனால் அந்த நோட்டில் மாத்திரைக்குக் கட்டம் இருக்கிற அளவுக்குக் காரணத்துக்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். லாரியில் குவாஹாட்டிக்கும் தில்லிக்கும் போய்த் திரும்புகிற டிரைவருக்குச் சர்க்கரை அடங்காததற்கு மாத்திரை போதாதது காரணமா, கண்ட நேரத்துச் சாப்பாடும் ராத்தூக்கம் இல்லாததும் காரணமா என்று அதில் எழுத இடம் வேண்டும்.

டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெளிநோயாளிக் கூட்டத்தில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம் கிடைப்பதே அரிது, இதில் என்ன விளக்கம் எழுதுவது என்று அவர்கள் கேட்பது நியாயந்தான். விளக்கம் வேண்டாம். 'க்ரானிக்' என்று எழுதுகிற இடத்தில், எப்போதிருந்து, எதனால், அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்று மூன்று துண்டு வார்த்தைகள் தமிழில் போதும். எதனால் என்பது தெரியாவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. அந்தச் சீட்டை வாசிக்கிற மகனோ மகளோ மரண ஓலையாகவும் வாசிக்க முடியாது, விடுதலைப் பத்திரமாகவும் வாசிக்க முடியாது.

சர்க்காருக்கு வேண்டுகோள் இதைவிட எளிது. ஜல் ஜீவன் திட்டத்தின்படி கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரைப் பரிசோதிக்கப் பயிற்சி கொடுத்து, கையோடு கொண்டுபோகிற சோதனைப் பெட்டியும் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. ஃப்ளோரைடு எவ்வளவு என்பதை அதில் பார்க்க முடியும். மாத்திரை கொடுக்கிற அக்காவின் நோட்டில் எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு முழங்கால் இறுகியிருக்கிறது என்று எழுதலாம். இரண்டு பெண்களும் ஒரே ஊர்க்காரர்கள், ஒருவேளை ஒரே மகளிர் குழுவில் இருப்பவர்கள். இரண்டு நோட்டுகளும் வெவ்வேறு இலாகாக்களுக்குப் போகின்றன. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஆம் தேதி கிராமசபை கூடுவது வழக்கமாகியிருக்கிறது. அன்றைக்கு அந்த இரண்டு நோட்டுகளையும் ஒரே மேஜையில் வைத்து, இந்தத் தெருவின் குழாயில் இவ்வளவு, இந்தத் தெருவின் முழங்கால்கள் இத்தனை என்று ஊரார் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும் என்று சேலத்திலும் நாமக்கல்லிலும் கலெக்டர்கள் ஓர் உத்தரவு போடலாம். அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.